விவாத இழை: ஓடினையும் தோரையும் இன்று வணங்குபவர்கள் – ஆசாத்ரு பற்றித் தொடக்கநிலை அறிமுகம்

வடக்குவாசல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. தோர், ஓடின், லோகி என்ற பெயர்களைத் திரைப்படங்கள் வழியாக நம் வீட்டுப் பிள்ளைகள்கூட அறிவார்கள். அந்தத் தெய்வங்களுக்கு இன்றும் படையல் வைத்து, அவர்கள் பெயரால் திருமணம் செய்து, அவர்கள் பெயர் சொல்லி இறந்தவரை அடக்கம் செய்கிற மக்கள் இருக்கிறார்கள். வட ஐரோப்பாவின் அந்தப் பழைய தெய்வ வழிபாட்டை இன்று மீட்டெடுத்திருக்கும் சமயத்தின் பெயர்தான் ஆசாத்ரு. இதைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. கிடைப்பதிலும் பாதி வைக்கிங் எனப்படும் பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளின் சண்டைக் கதைகள். அதனால் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். நான் இந்தச் சமயத்தைச் சேர்ந்தவன் இல்லை. சமய வரலாறு படிக்கிறவன், இதைப் பல வருடங்களாக மதிப்போடு கவனித்து வருகிறவன்.

ஐஸ்லாந்திலிருந்து தொடங்குவதுதான் சரி. 1972 ஏப்ரலில், அந்த நாட்டுப் பழைய நாட்காட்டிப்படி கோடையின் முதல் நாளில், ரெய்க்யாவிக்கில் கூடிய சிலர் ஆசாத்ரு சங்கத்தைத் தொடங்கினார்கள். தலைமை ஏற்றவர் ஸ்வைன்பியோர்ன் பைன்டைன்சன். ஆடு வளர்க்கும் விவசாயி, மரபுக் கவிஞர். ‘ரீமூர்’ என்கிற பழைய நெடும்பாட்டுகளை ஓதுவதில் பேர்பெற்றவர். அவர்கள் அரசிடம் போய்த் தங்களை ஒரு சமயமாகப் பதிவு செய்யக் கேட்டார்கள். நாட்டின் லூத்தரன் திருச்சபையை நடத்திய பேராயர் கடுமையாக எதிர்த்தார். ஆனாலும் 1973இல் அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து அவர்கள் நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லும்.

இன்று அங்கே ஐயாயிரம் பேருக்கு மேல் உறுப்பினர்கள். சின்ன எண்ணிக்கை என்று தோன்றும். நாட்டின் மொத்த மக்கள் தொகையே நான்கு லட்சத்தைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த நாட்டில் வரி செலுத்தும் ஒவ்வொருவரின் பெயரிலும் ஒரு சிறு தொகை அவரவர் பதிவு செய்த சமய அமைப்புக்குப் போகும். ஆசாத்ரு சங்கத்துக்கும் அப்படித்தான் வருமானம் வருகிறது. ரெய்க்யாவிக்கின் ஒஸ்க்யுலித் குன்றுப் பகுதியில் அவர்கள் கோயில் கட்ட நிலம் அகழ்ந்தது 2015 மார்ச் 20, சூரிய கிரகணம் நடந்துகொண்டிருந்த நேரத்தில்.

டென்மார்க்கில் ‘ஃபோர்ன் சித்ர்’ என்ற அமைப்பு 2003இல் அரசு அங்கீகாரம் பெற்றது. நார்வே, ஸ்வீடன், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்காவிலும் குழுக்கள் இருக்கின்றன. ஆசாத்ரு, ஹீதன், ஃபோர்ன் சேட் என்று ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவான தலைமை பீடமோ, கட்டாயமாக ஏற்க வேண்டிய நம்பிக்கைப் பட்டியலோ கிடையாது.

தெய்வங்கள் இரண்டு குலங்கள்: ஆசர், வானர் (ராமாயண வானரர்களோடு எந்தத் தொடர்பும் இல்லை, ஒலி ஒற்றுமை மட்டும்). ஆசர் குலத்தில் ஓடின், தோர், டீர், ஃபிரிக், பால்டர், ஹெய்ம்டால். வானர் குலத்தில் நியோர்ட், அவர் பிள்ளைகள் ஃபிரெய், ஃபிரெய்யா. இரண்டு குலமும் போரிட்டு, பிறகு பணயக் கைதிகளை மாற்றிக்கொண்டு சமாதானம் ஆனவை. ஓடின் ஞானத்துக்காக ஒரு கண்ணைக் கொடுத்தவர், ஒன்பது இரவுகள் மரத்தில் தொங்கித் தன்னையே தனக்குப் பலி கொடுத்து ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகளை அறிந்தவர். அவரை நெருங்குவது எளிதில்லை, வாக்கு மாறக்கூடியவர் என்றே கதைகள் சொல்லும். சாதாரண விவசாயி அதிகம் நம்பியது தோரைத்தான். இடியும் மழையும் அவர் கையில். சுத்தியல் மனிதர்களைக் காக்கும். இன்றும் பெரும்பாலானவர்கள் கழுத்தில் அணிவது அந்தச் சுத்தியலைத்தான்.

கேள்விகள் வரட்டும்.

செங்கதிர் எழுதியது:

நல்ல தொடக்கம் அண்ணா. ஆனால் எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். ஐஸ்லாந்து கிறித்தவத்துக்கு மாறியது சுமார் 1000ஆம் ஆண்டு. இவர்கள் தொடங்கியது 1972. நடுவில் கிட்டத்தட்ட ஆயிரம் வருடம். குரு சீட வரிசை இல்லை, கோயில் இல்லை, பூசை முறை எழுதிய நூல் இல்லை. அப்படியானால் இது இருபதாம் நூற்றாண்டில் உருவான புதிய மதம்தானே? ‘பழைய வழி’ என்று சொல்லிக்கொள்வது சரியா?

வடக்குவாசல் எழுதியது:

தம்பி, கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். விவரமாகச் சொல்கிறேன்.

மதம் மாறிய கதையே விசித்திரமானது. அல்திங் என்ற நாட்டு மன்றத்தில் கிறித்தவர்களும் பழைய வழிபாட்டினரும் உள்நாட்டுப் போர் மூளும் நிலைக்கு வந்துவிட்டார்கள். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தோர்கெய்ர் என்ற சட்டம் ஓதுபவரிடம் போனது. அவரே பழைய வழிபாட்டினர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு, நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், எல்லாரும் ஞானஸ்நானம் பெறட்டும் என்றார். கூடவே சில சலுகைகள்: குதிரை இறைச்சி உண்ணலாம், யாரும் பார்க்காமல் வீட்டுக்குள் பழைய தெய்வங்களுக்குப் பலி கொடுக்கலாம். அந்தச் சலுகைகள் சில வருடங்களில் நீக்கப்பட்டன. பிறகு பொது வழிபாடு இல்லை.

கதைகள் மட்டும் சாகவில்லை. மதம் மாறிய இருநூறு வருடங்களுக்குப் பின், சுமார் 1220இல், ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற ஐஸ்லாந்து தலைவர் ‘உரைநடை எட்டா’ (Edda) என்ற நூலை எழுதினார். அவர் கிறித்தவர். இளம் கவிஞர்களுக்குப் பழைய கவிதையின் உவமைகள் புரிய வேண்டும், அதற்குத் தெய்வக் கதைகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கவலை. 1270களில் பெயர் தெரியாத ஒருவர் பழம்பாடல்களைத் தோலேட்டில் தொகுத்து எழுதினார். கோடெக்ஸ் ரெகியஸ் என்று அழைக்கப்படும் அந்தச் சின்ன ஏடு 1662இல் டென்மார்க் அரசருக்குப் பரிசாகப் போனது. 1971 ஏப்ரலில் டென்மார்க் அதை ஒரு போர்க்கப்பலில் திருப்பி அனுப்பியபோது ரெய்க்யாவிக் துறைமுகத்தில் பெரும் கூட்டம் கூடி வரவேற்றது. அதற்கு அடுத்த ஏப்ரலில்தான் ஆசாத்ரு சங்கம் பிறந்தது. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பழம்பாடல் மேல் அந்த மக்களுக்கு எவ்வளவு பிடிப்பு இருந்தது என்பதை இரண்டும் காட்டுகின்றன.

இவை தவிர சாகா என்ற குடும்ப வரலாறுகள், வெளியார் எழுதிய குறிப்புகள். ரோமானியரான டாசிட்டஸ் கி.பி. 98இல் ஜெர்மானியக் குடிகளின் தெய்வங்களைப் பற்றி எழுதினார். பாக்தாதிலிருந்து தூது போன இப்னு ஃபட்லான் 922இல் வோல்கா ஆற்றங்கரையில் வடநாட்டுத் தலைவர் ஒருவரின் கப்பல் தகனத்தை நேரில் பார்த்து எழுதினார். 1070களில் பிரெமன் நகரத்து ஆடம் என்ற பாதிரியார் ஸ்வீடனின் உப்சாலா கோயில் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதினார். கடைசியாக மண்ணுக்கடியில் கிடைப்பவை.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், சமய அமைப்பு என்ற வகையில் இது புதியது. நான் மதிக்கும் குழுக்கள் இதை ஒளிக்காமல் சொல்கின்றன. எந்தச் சடங்கு பழைய நூலில் இருக்கிறது, எது நம் காலத்தில் சேர்த்தது என்று தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. உதாரணமாக, அமெரிக்கக் குழுக்கள் பலவற்றில் சடங்கு தொடங்கும்போது நான்கு திசையிலும் சுத்தியல் குறி காட்டி இடத்தைப் புனிதப்படுத்துவார்கள். அது வைக்கிங் காலத்து வழக்கம் இல்லை. இருபதாம் நூற்றாண்டில், மேற்கத்திய மந்திரச் சடங்கு ஒன்றின் அமைப்பைப் பார்த்து உருவாக்கியது. ‘ஒன்பது உயர் நற்குணங்கள்’ என்று இணையத்தில் சுற்றும் பட்டியலும் 1970களில் பிரிட்டனில் தொகுத்ததுதான். பழையது என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்தப் பாடலில் என்று கேளுங்கள். நல்ல குழு அதற்குக் கோபப்படாது.

செங்கதிர் எழுதியது:

விளக்கம் புரிகிறது. ஆனால் ஒரு படி மேலே போய்க் கேட்கிறேன். சான்றுகளை எழுதியவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே கிறித்தவர்கள் அல்லது வெளியார். அவர்கள் பார்வையில் வடிகட்டி வந்ததை வைத்து ஒரு கடவுளை உண்மையில் நம்ப முடியுமா?

வடக்குவாசல் எழுதியது:

நம்பிக்கை என்பதற்கு அவர்கள் கொடுக்கும் இடமே வேறு. ஆசாத்ரு சங்கத்தின் இப்போதைய தலைவர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன் இசையமைப்பாளர். 2003 முதல் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். எட்டுக்கால் குதிரையில் ஒற்றைக்கண் மனிதர் (ஓடினைத்தான் சொல்கிறார்) சுற்றுகிறார் என்று யாரும் நேரடியாக நம்புவதாகத் தனக்குத் தோன்றவில்லை, கதைகளை இயற்கையின், மனித மனத்தின் ஆற்றல்களைக் காட்டும் கவிதையாகப் பார்க்கிறோம் என்று 2015இல் பேட்டி கொடுத்தார். இதைக் கேட்டு வருத்தப்பட்டவர்களும் உண்டு. ஏனென்றால் தெய்வங்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், தனித்தனி ஆட்கள், வேண்டினால் கேட்கிறார்கள் என்று நம்புபவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறைய. இரண்டு வகையினரும் ஒரே நெருப்பைச் சுற்றி நின்று ஒரே கொம்பிலிருந்து குடிக்கிறார்கள். சேர்ந்து செய்வதுதான் அவர்களைக் கட்டி வைத்திருக்கிறது.

பூங்குழலி_ஒஸ்லோ எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் ஒஸ்லோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். என்னோடு வேலை செய்கிற ஒரு நோர்வே அக்கா இந்த வழியைச் சேர்ந்தவ. அவவின் அழைப்பில் ஓர் இலையுதிர்காலச் சடங்குக்குப் போயிருக்கிறேன். அதை எழுதினால் புதிதாக வாசிக்கிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

சடங்கின் பெயர் ப்ளோட். காட்டோரத்தில் ஒரு வெட்டவெளி. சின்னப் பிள்ளைகள் உட்பட இருபது பேர் அளவில் இருந்தோம். வைக்கிங் உடுப்பு போட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான், மற்றவர்கள் எல்லாம் மழைச்சட்டையும் பூட்ஸும். நெருப்பு மூட்டி வட்டமாக நின்றோம். நடத்தியவரை ‘கோதி’ என்பார்கள். பெண்ணாக இருந்தால் ‘கித்யா’. முதலில் பழம்பாடலிலிருந்து சில செய்யுள்களை அவர் வாசித்தார். பிறகு இன்றைய சடங்கு யாருக்கு என்று சொன்னார். அன்றைக்கு ஃபிரெய்க்கும் முன்னோர்களுக்கும். ஃபிரெய் விளைச்சலின் தெய்வம், அறுவடை முடிகிற காலம் என்பதால்.

அப்புறம் ஒரு கொம்பு. மாட்டுக் கொம்பில் தேனிலிருந்து செய்கிற மீட் என்ற மது. கையிலிருந்து கைக்குப் போகும். வாங்குகிறவர் ஒரு வார்த்தை சொல்லி, ஒரு வாய் குடித்து, கொஞ்சம் நிலத்தில் ஊற்ற வேண்டும். குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆப்பிள் சாறு வைத்திருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் அந்த வருடம் செத்துப்போன தன் தாத்தாவின் பெயரைச் சொன்னார். ஒரு பொடியன் தன் நாய்க்கு நன்றி சொன்னான். என் முறை வந்தபோது என் அம்மம்மாவின் பெயரைச் சொன்னேன். ‘உங்கள் முன்னோரும் இங்கே வரட்டும்’ என்று கோதி மெதுவாகச் சொன்னார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொண்டுவந்த ரொட்டி, ஆப்பிள், பாற்கட்டி எல்லாவற்றிலும் ஒரு பங்கை மரத்தடியில் வைத்தார்கள். மிச்சத்தை எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

தேன்மொழி எழுதியது:

அக்கா, மிருக பலி உண்டா? உப்சாலாவில் ஒன்பது வருடத்துக்கு ஒரு முறை மனிதர்களையே தொங்கவிட்டார்கள் என்று படித்தேன்.

பூங்குழலி_ஒஸ்லோ எழுதியது:

நான் போன இடத்தில் இல்லை தங்கச்சி. உப்சாலா பற்றி எழுதிய ஆடம் அங்கே போனவரில்லை, கேட்டு எழுதினவர். அந்தக் காலத்தில் மிருக பலி இருந்தது என்பதற்கு மற்றச் சான்றுகளும் இருக்கின்றன, அதை யாரும் மறுக்கவில்லை.

வடக்குவாசல் எழுதியது:

ஐஸ்லாந்து சங்கம் பலியைச் செய்வதில்லை. பண்ணை வைத்திருக்கும் சில அமெரிக்கக் குழுக்கள், எப்படியும் விருந்துக்கு அறுக்கும் விலங்கைத் தெய்வத்துக்கு ஒப்புக்கொடுத்து அறுப்பதுண்டு. பெரும்பாலானவர்களுக்குப் படையல் என்றால் ரொட்டி, தேன், பால், மது இவைதான்.

படையலின் அடிப்படை ஹாவமால் என்ற பாட்டில் இருக்கிறது. ஓடினே பேசுவதுபோல் அமைந்த 164 செய்யுள்கள். அளவுக்கு மீறிப் பலியிடுவதைவிட வேண்டாமலே இருப்பது மேல், கொடை எப்போதும் மறுகொடையை எதிர்பார்க்கும் என்று அதில் வருகிறது. நண்பனோடு பரிசு மாற்றிக்கொள், அடிக்கடி அவன் வீட்டுக்குப் போ, நடக்காத பாதையில் புல் வளர்ந்துவிடும் என்றும் வருகிறது. தெய்வத்தோடும் அதே உறவுதான். மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பது இந்த வழிபாட்டில் கிட்டத்தட்ட இல்லை. நிமிர்ந்து நின்று கொம்பை உயர்த்துகிறார்கள்.

ப்ளோட் தவிர ‘சும்பல்’ என்று ஒன்று உண்டு. அது உட்கார்ந்து செய்வது. பெரும்பாலும் மூன்று சுற்று: முதல் சுற்று தெய்வங்களுக்கு, இரண்டாவது முன்னோருக்கும் வீரர்களுக்கும், மூன்றாவதில் அவரவர் செய்த நல்ல காரியத்தைச் சொல்லலாம், அல்லது இனிமேல் செய்யப்போவதற்குச் சபதம் எடுக்கலாம். சபதத்தை மிகக் கவனமாகத்தான் எடுப்பார்கள். கொம்பின் மேல் சொன்ன வாக்கு தவறினால் சொன்னவரை மட்டுமல்ல, கேட்ட எல்லாரையும் பாதிக்கும் என்பது நம்பிக்கை. முதல் முறை போகிறவர்கள் உணர்ச்சிவசப்பட்டுச் சபதம் எடுக்காமல் இருப்பது நல்லது.

தெய்வங்களோடு நிலத்து ஆவிகளும் முக்கியம். ‘லாண்ட்வெட்டிர்’ என்பார்கள். குன்று, பாறை, அருவி, வயல் ஒவ்வொன்றுக்கும் குடியிருப்பவர் உண்டு. ஊர் எல்லையில் காவல் தெய்வத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் பிடித்துக்கொள்வது சுலபம். ஐஸ்லாந்தின் அரசுச் சின்னத்திலேயே நாட்டைக் காக்கும் நால்வர் நிற்கிறார்கள்: நாகம், பெரும்பறவை, காளை, மலை அரக்கன். தினசரி வழிபாட்டில் ஓடினை நினைப்பதைவிட வீட்டுத் தோட்டத்தில் நிலத்தாருக்குக் கொஞ்சம் பால் ஊற்றுவதே பலருக்கு நெருக்கமானது.

கடலோடி எழுதியது:

எனக்கு ரூன் எழுத்துகள் மேல்தான் ஆர்வம். 24 எழுத்தும் ஒரு வெற்றுக் கல்லும் கொண்ட பை ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். தினமும் ஒன்றை எடுத்துப் பலன் பார்க்கிறேன். இதுவும் அந்தச் சமயத்தின் பகுதிதானே?

வடக்குவாசல் எழுதியது:

பகுதி என்று சொல்பவர்கள் உண்டு, அலங்காரம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. வெற்றுக் கல்லை முதலில் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள் நண்பரே. அது 1980களில் அமெரிக்காவில் வந்த ஒரு புத்தகத்தோடு சேர்த்து விற்கப்பட்டது. எந்தப் பழைய வரிசையிலும் கிடையாது.

பழைய ஃபுதார்க் என்ற ரூன் எழுத்து வரிசையில் 24 எழுத்து. வைக்கிங் காலத்தில் அது 16 ஆகச் சுருங்கியது. ரூன் முதலில் எழுதுவதற்கான எழுத்து: நினைவுக் கல்லில் பெயர் பொறிக்க, சீப்பில் உரிமையாளர் பெயர் போட, வியாபாரக் கணக்கு எழுத. மந்திரச் சக்தி இருப்பதாகவும் பாடல்கள் சொல்கின்றன. மரத்துண்டுகளில் குறியிட்டு வெள்ளைத் துணியில் வீசிக் குறி பார்த்தார்கள் என்று டாசிட்டஸ் எழுதினார், ஆனால் அவை ரூன் எழுத்துகள்தான் என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு எழுத்தின் பொருளையும் சொல்லும் ரூன் பாடல்கள் பழைய ஆங்கிலத்திலும் நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் எழுதப்பட்டுக் கிடைத்திருக்கின்றன. கையேட்டைவிட அந்தப் பாடல்களைப் படியுங்கள். ரொம்ப அழகானவை.

இன்னொரு எச்சரிக்கை. ‘18 ரூன்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது ஆஸ்திரியாவின் கிடோ ஃபான் லிஸ்ட் 1908இல் வெளியிட்டது. கண் அறுவைக்குப் பின் பார்வையின்றி இருந்த மாதங்களில் தனக்கு வெளிப்பட்டதாகச் சொன்னார். இனவாதம் கலந்த மாயவாதத்தில் ஊறியவர். நாஜிகளின் எஸ்.எஸ். படை போட்ட இரட்டை மின்னல் குறி அந்த வழியில் வந்ததுதான்.

தேன்மொழி எழுதியது:

நான் கேட்கத் தயங்கியதை நீங்களே தொட்டுவிட்டீர்கள். நான் ஜெர்மனியில் படிக்கிறேன். சுத்தியல் பதக்கம் போட்டவர்களை ரயிலில் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளை இனவாதக் கும்பல்கள் இதே குறிகளோடு ஊர்வலம் போகிறார்கள். இந்த மதத்தைப் பற்றி நல்லபடியாகப் பேசும்போது அதை மூடி மறைக்கிறோமோ என்று தோன்றுகிறது.

செங்கதிர் எழுதியது:

நானும் இதைத்தான் நினைத்தேன். ‘முன்னோர் வழிபாடு’, ‘நம் மண்ணின் தெய்வம்’ என்று பேசுகிற எதுவும் சீக்கிரம் ‘நம் ரத்தம்’ என்ற இடத்துக்குப் போய்விடும்.

வடக்குவாசல் எழுதியது:

மூடி மறைக்கக் கூடாது. இந்தச் சமயத்துக்குள் நடக்கும் மிகப் பெரிய சண்டையே இதுதான். புதிதாக வருகிறவர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான்.

ஒரு பக்கம் ‘ஃபோகிஷ்’ என்று சொல்லிக்கொள்பவர்கள். வட ஐரோப்பிய வம்சாவளியினருக்கு மட்டுமே இந்தத் தெய்வங்கள் சொந்தம் என்பது அவர்கள் கொள்கை. அமெரிக்காவின் ஆசாத்ரு ஃபோக் அசெம்ப்ளி அதில் முக்கியமானது. வெறுப்புக் குழுக்களைக் கண்காணிக்கும் சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் அதைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மறுபக்கம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்பவர்கள். 1987இல் தொடங்கிய ‘தி ட்ரோத்’ அமெரிக்காவில் அந்தத் தரப்பின் பெரிய அமைப்பு. 2016இல் அந்த ஃபோக் அசெம்ப்ளி வெளிப்படையாக இனத்தையும் பாலினத்தையும் வைத்து ஆட்களை விலக்கும் அறிக்கை வெளியிட்டபோது, பல நாடுகளின் ஹீதன் குழுக்கள் சேர்ந்து அதோடு எந்த உறவும் இல்லை என்று கையெழுத்திட்டன. அதன் பெயர் ‘பிரகடனம் 127’. ஹாவமாலின் 127ஆம் செய்யுளிலிருந்து எடுத்த எண். தீமையைக் கண்டால் தீமை என்று சொல், பகைவருக்கு அமைதி கொடுக்காதே என்கிறது அந்தச் செய்யுள்.

ஐஸ்லாந்து சங்கம் இந்த விஷயத்தில் உறுதியாகவே நிற்கிறது. ஒரே பாலினத் திருமணங்களை நடத்துகிறார்கள் என்பதற்காக 2015இல் வெளிநாட்டு ‘ஆசாத்ரு’காரர்களிடமிருந்து அவர்களுக்கு வெறுப்புக் கடிதங்கள் வந்தன. பின்வாங்கவில்லை.

செங்கதிர் சொன்ன ஆபத்து உண்மையானது. ஆனால் பழைய கதைகளுக்குள்ளேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. ஓடினின் தாய் அரக்கர் குலத்துப் பெண். தோரின் தாய் பூமி, அவரும் அரக்கியாகவே எண்ணப்படுகிறார். ஃபிரெய் மணந்தது ஓர் அரக்கர் மகளை. தெய்வங்களின் வீட்டிலேயே தூய ரத்தம் என்று ஒன்று கிடையாது. அதை வைத்து மனிதர்களைப் பிரிப்பவர்கள் பாடல்களைச் சரியாகப் படிக்கவில்லை.

பூங்குழலி_ஒஸ்லோ எழுதியது:

தேன்மொழி, உங்கள் பயம் நியாயம். என் நோர்வே அக்காவும் பதக்கத்தைச் சட்டைக்குள்ளேதான் போடுவா. வெளியே தெரிந்தால் அவவை யார் என்று நினைப்பார்களோ என்ற கவலை அவவுக்கும் இருக்கிறது. தன் தெய்வத்தின் குறியை வெறியர்கள் களவெடுத்துவிட்டார்கள் என்று அவ கோபத்தோடு சொல்வா. தெரியாத குழுவுக்குப் போக முன்னர் ‘வெளிநாட்டுக்காரர் சேரலாமா?’ என்று எழுதிக் கேளுங்கள். நல்ல இடம் ஒரு வரியில் ‘தாராளமாக’ என்று பதில் போடும். சுற்றி வளைத்து வம்சம், பாரம்பரியம் என்று கதைத்தால் போக வேண்டாம்.

மரியதாஸ் எழுதியது:

நான் கிறித்தவன். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்கிறேன். இவர்களுக்குப் பாவம், மீட்பு என்ற எண்ணம் உண்டா? செத்தபின் எல்லாரும் வல்ஹல்லாவுக்குத்தான் போவார்களா?

வடக்குவாசல் எழுதியது:

ஐயா, பிறவிப் பாவமோ மீட்பரோ கிடையாது. வாக்குத் தவறுதல், விருந்தோம்பலை மீறுதல், உறவுக்குள் துரோகம் இவைதான் பெருங்குற்றங்கள். சத்தியம் மீறியவரும் கொலைகாரரும் நச்சு ஆறுகளில் நடக்கும் ஒரு கரையை வோலுஸ்பா என்ற பாட்டு காட்டுகிறது. அது தவிர, இறந்தபின் தீர்ப்பு என்ற எண்ணம் அழுத்தமாக இல்லை.

ஓடினின் மண்டபமான வல்ஹல்லா போரில் இறந்தவர்களுக்கு. அவர்களிலும் பாதிப்பேரை ஃபிரெய்யா தன் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். நோயிலும் முதுமையிலும் இறந்தவர்கள் ஹெல் என்ற தெய்வத்தின் இடத்துக்குப் போவார்கள். பெயரைப் பார்த்து நரகம் என்று நினைக்க வேண்டாம், வதை செய்யும் இடமாக அதைப் பாடல்கள் பொதுவாகச் சொல்வதில்லை. கொல்லப்பட்ட பால்டர் அங்கே வரும்போது பெஞ்சுகளில் பொன் பரப்பி மீட் காய்ச்சி வைத்திருக்கிறார்கள். கடலில் மூழ்கியவரை ரான் என்ற கடல் தெய்வம் வலையில் பிடிப்பாள். ஐஸ்லாந்தின் ஒரு சாகாவில் ஒரு குடும்பத்தார் இறந்தபின் பக்கத்திலுள்ள ஹெல்கஃபெல் என்ற குன்றுக்குள் போய்விடுவதாக வருகிறது. உள்ளே நெருப்பும் விருந்தும் நடப்பதை ஓர் இடையன் பார்க்கிறான். இன்று பலர் மனத்துக்கு நெருக்கமாகச் சொல்வது இதைத்தான், தன் ஆட்களோடு தன் நிலத்தில் இருப்பது.

டென்மார்க்கின் டிரெண்ட்கோர்டனில் பத்தாம் நூற்றாண்டு வார்ப்பச்சு ஒன்று கிடைத்தது. மாக்கல்லில் செதுக்கியது. ஒரே கல்லில் சிலுவைக்கும் குழி, தோரின் சுத்தியலுக்கும் குழி. கொல்லர் யார் கேட்டாலும் செய்து கொடுத்திருக்கிறார். இரண்டு சமயத்தாரும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்த காலம் இருந்தது.

மரியதாஸ் எழுதியது:

அந்த அச்சு பற்றிச் சொன்னதற்கு நன்றி. என் பிள்ளைகளிடம் காட்ட வேண்டும், படத்தைத் தேடிப் பார்க்கிறேன்.

இளவேனில் எழுதியது:

முழு இழையும் படித்தேன். எனக்கு நிஜமாகவே ஈர்ப்பு இருக்கிறது. பக்கத்தில் குழு எதுவும் இல்லை. தனியாக எப்படித் தொடங்குவது? லோகியை வணங்கலாமா? படத்தில் அவர்தான் எனக்குப் பிடித்தவர்.

வடக்குவாசல் எழுதியது:

முதலில் ஹாவமால். அதன் முதல் பாதியில் தெய்வக் கதை அதிகம் இல்லை. விருந்தாளியை எப்படி நடத்துவது, எவ்வளவு குடிப்பது, யாரை நம்புவது, ஏழ்மையில் எப்படி நிமிர்ந்து நிற்பது என்று போகும். இந்த மக்களின் அறம் அதில்தான் பிடிபடும். பிறகு ஸ்னோரியின் ‘கில்ஃபகின்னிங்’, கேள்வி பதிலாகத் தெய்வக் கதை முழுவதும் வரும். கடைசியில் வோலுஸ்பா. உலகம் தோன்றியது முதல் ரக்னரோக் என்ற பேரழிவில் அழிந்து மீண்டும் பச்சையாக எழுவது வரை ஒரு மூதாட்டி சொல்கிறாள். அதை முதலிலேயே எடுத்தால் பெயர்களில் திணறிப்போவீர்கள், ஆகவே கடைசி. தற்கால ஆங்கில மொழிபெயர்ப்பாகப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முந்தையவை இலவசமாகக் கிடைக்கும், ஆனால் நடை முரடு.

லோகி பற்றி: படத்தை மறந்துவிடுங்கள். பாடல்களில் அவர் ஓடினின் வளர்ப்பு மகன் இல்லை, ரத்தச் சத்தியம் செய்துகொண்ட சகோதரர். தெய்வங்களை ஆபத்தில் மாட்டிவிடுவதும் அவர், மீட்டு வருவதும் அவர், பால்டரின் சாவுக்குக் காரணமும் அவர். அவருக்குப் பழைய காலத்தில் வழிபாடு இருந்ததற்குச் சான்று இல்லை. இன்று அவரை மனமார வணங்குபவர்கள் இருக்கிறார்கள், சில குழுக்களில் அவர் பெயரில் கொம்பை உயர்த்தத் தடையும் இருந்திருக்கிறது. விருந்தாளியாகப் போன இடத்தில் அந்த வீட்டு வழக்கத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். என் யோசனை, முதலில் தோர். இந்தத் தெய்வங்களில் மனிதர்களுக்கு மிக நெருக்கமானவர் அவர்தான்.

பூங்குழலி_ஒஸ்லோ எழுதியது:

தனியாகச் செய்வதற்கு அந்த அக்கா எனக்குச் சொன்ன முறை இது தம்பி. வியாழக்கிழமை தோரின் நாள். ஒரு கோப்பையில் நீங்கள் விரும்பிக் குடிக்கிற எதையாவது எடுங்கள், பாலாக இருந்தாலும் சரி. வெளியே போய், அந்த நிலத்துக்கு முதலில் வணக்கம் சொல்லுங்கள். பிறகு தோரின் பெயரைச் சொல்லி, எதற்காக வந்தீர்கள் என்று உங்கள் சொந்த மொழியிலேயே பேசுங்கள். மந்திரம் ஒன்றும் பாடமாக்கத் தேவையில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை மரத்தடியில் ஊற்றுங்கள். பிளாஸ்டிக், கண்ணாடி, விலங்குகளுக்குக் கூடாத சாக்லேட் போன்றவற்றை விட்டுவிட்டு வராதீர்கள், நிலத்தாருக்கு அது மரியாதை இல்லை.

கேட்பதற்கு முன் இரண்டு மூன்று முறை சும்மா கொடுத்துவிட்டு வரச் சொல்வா. மனதுக்கு ஒன்றும் தோன்றாவிட்டால் நிறுத்திவிடலாம், யாரும் சாபம் போட மாட்டார்கள். தொடர்ந்தால், அக்டோபரில் ‘குளிர்கால இரவுகள்’ விழாவுக்கோ டிசம்பரில் யோல் என்ற நடுக்குளிர்கால விழாவுக்கோ உங்கள் நாட்டில் எங்காவது பொது ப்ளோட் நடக்கும். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், எல்லாரையும் சேர்க்கிற குழு எது என்று அவவிடம் கேட்டுச் சொல்கிறேன்.